வண்டி நம்மைச் சுமக்கணுமா? நாம் வண்டியைச் சுமக்கணுமா?

(ஒட்டன்சத்திரம் பகுதியில் நடந்த விவசாயிகள் சங்க விளக்கக் கூட்டத்தில், கிளைக் குழுவின் சார்பில் பேசியது. கூட்டத்துக்கு வர முடியாதவர்களும் படிக்க வேண்டும் என்பதற்காக அச்சிட்டுத் தருகிறோம். படித்துவிட்டு அடுத்தவரிடம் கொடுங்கள்.)



1972ஆம் வருஷம் கோவையில் நடந்த மாட்டு வண்டிப் போராட்டம் இங்கே இருக்கிற பெரியவர்கள் பலருக்கு ஞாபகம் இருக்கும். நாராயணசாமி நாயுடு அவர்கள் தலைமையில் விவசாயிகள் வண்டியைப் பூட்டிக்கொண்டுபோய் நகரத்து ரோடுகளில் நிறுத்தினார்கள். நகரமே நின்று திரும்பிப் பார்த்தது. அந்த வண்டிகளை யாராவது வழிமறித்து, "தவணை கட்டலை, மாட்டை அவிழ்த்து விடு" என்று சொல்ல முடிந்ததா? முடியாதுங்க. வண்டி நம்மோடது, மாடு நம்மோடது, தீவனம் நம்ம காட்டில் விளைந்தது.

இன்னைக்கு நம்ம வாசலில் நிற்கிற வண்டி யாரோடது? ஆர்.சி. புத்தகத்தை எடுத்துப் பாருங்க. நம்ம பேருக்குக் கீழே இன்னொரு பேர் இருக்கும். கடன் கொடுத்தவன் பேர். அதைப் பற்றித்தான் இன்னைக்குப் பேச வந்திருக்கிறோம்.

தக்காளியோடு போன வண்டி

எங்கள் கிளையில் நடந்ததைச் சொல்கிறோம். எங்கள் உறுப்பினர் ஒருவர். மூன்று ஏக்கர் கிணற்றுப் பாசனம். தக்காளி, கத்தரி, கொஞ்சம் முருங்கை. மார்க்கெட்டுக்குச் சரக்கு ஏற்றி வாடகை கொடுத்தே மாளலை என்று சொந்தமாகப் பிக்கப் வாங்கினார். வண்டி பார்க்க அவரோடு போனது நாங்கள்தான். ஜாமீன் கையெழுத்துப் போட்டதும் எங்களில் இரண்டு பேர். கலர் பார்த்தோம், டயர் பார்த்தோம், மாலை போட்டோம், எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றினோம். கணக்கு மட்டும் யாரும் போட்டுப் பார்க்கலை.

அடுத்த வருஷம் தக்காளி விலை விழுந்தது. பறிக்கிற கூலிக்குக்கூடக் கட்டாமல் செடியிலேயே விட்டோம், தெரியும் உங்களுக்கு. மூன்று தவணை நின்றது. ஒருநாள் விடியக்காலை அஞ்சு மணிக்கு மார்க்கெட்டுக்குப் போகிற வழியில் நாலு பேர் மறித்தார்கள். சாவியைப் பிடுங்கி, வண்டியை ஏற்றிய சரக்கோடு ஓட்டிக்கொண்டு போய்விட்டார்கள். அவர் ரோட்டில் நின்றுகொண்டு கேட்டாராம்: "வண்டி உங்களுது, சரிங்க. தக்காளி யாருது?" பதில் சொல்ல அங்கே ஆள் இல்லை.

முப்பது பேர் போய் உட்கார்ந்தோம். பிடித்ததற்கு உத்தரவு எங்கே, முன்னறிவிப்பு எங்கே, வண்டியில் என்ன இருந்தது என்று எழுதின பட்டியல் எங்கே என்று கேட்டோம். ஒன்றும் இல்லை. மூன்றாம் நாள் ஒரு தவணையைக் கட்டி வண்டியை மீட்டோம். தக்காளி தண்ணியாக ஒழுகிக்கொண்டிருந்தது.

தப்பு முழுக்க அவன்மேல் என்று சொல்லிவிட்டுப் போனால் நாங்கள் யோக்கியர்கள் இல்லை. பாதித் தப்பு எங்கள் பேரில் இருக்கிறது. வண்டியைத் தேர்ந்தெடுத்த விதமே தப்பு. அதனால் முதலில் நம்ம வீட்டுக் கணக்கைப் பார்ப்போம். அப்புறம் அவர்களிடம் கேட்க வேண்டியதைக் கேட்போம்.

வேலை முதலில், வண்டி அப்புறம்

வண்டி வாங்குவதற்கு முன்னாடி ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்க. ஒரு வருஷம் எழுதுங்க. எத்தனை நாள் உழவு ஓட்டினோம், எத்தனை மணி நேரம், எத்தனை நடை சரக்கு ஏற்றினோம், ஒரு நடைக்கு எத்தனை பெட்டி, எவ்வளவு வாடகை. அந்த நோட்டு சொல்லும் எந்த வண்டி வேண்டுமென்று. ஷோரூம்காரன் சொல்லக் கூடாது. பக்கத்துத் தோட்டத்துக்காரன் வாங்கிட்டான் என்பதும், சம்பந்தி வீட்டில் டிராக்டர் நிற்கிறது என்பதும் ஒரு காரணமா?

டிராக்டரை எடுத்துக்கொள்ளுங்க. மூன்று ஏக்கர் இருக்கிறவர் வருஷத்துக்குப் பத்து உழவு ஓட்டுகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஐந்து கொத்துக் கலப்பையில் ஏக்கருக்கு ஒரு மணி நேரம் என்று போட்டாலும் முப்பது மணி நேரம்தான் வேலை. மீதி வருஷம் முழுக்க வண்டி வேப்பமரத்தடியில் நிற்கும். தவணை நிற்குமா? 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் சராசரி நிலவுடைமை 0.75 ஹெக்டேர். இரண்டு ஏக்கருக்கும் கீழே! இந்த நிலத்துக்கு ஆளுக்கொரு டிராக்டர் தாங்காது.

வாங்கித்தான் ஆகணும் என்கிறவர், வெளி உழவும் ஓட்ட ஆள் இருக்கிறவர், எச்.பி.யைப் பார்த்து வாங்குங்க. தென்னை, முருங்கை வரிசைக்குள் புகுந்து களை ஓட்டத்தான் வேண்டுமென்றால் இருபது, இருபத்தைந்து எச்.பி. சின்ன டிராக்டர் போதும். ஐந்தடி ரொட்டவேட்டர் இழுக்கணும் என்றால் முப்பத்தைந்து, நாற்பதுக்குக் குறையாமல் வேண்டும். விளம்பரத்தில் எழுதியிருப்பது இன்ஜின் எச்.பி. ரொட்டவேட்டரைச் சுற்றுவது பி.டி.ஓ. எச்.பி. அது எப்பவும் குறைச்சலாகத்தான் இருக்கும். அதைக் கேட்டு எழுதி வாங்குங்க. ஒரு ஏக்கர், ஒன்றரை ஏக்கர் காய்கறிக்காரருக்குப் பவர் டில்லர் போதும். வேளாண் இயந்திரமயமாக்கல் திட்டத்தில் சிறு, குறு விவசாயி, பெண்கள், ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கு 50 சதம் வரை மானியம், மற்றவர்களுக்கு 40 சதம் வரை. மானியம் வருதே என்பதற்காகத் தேவையில்லாததை வாங்காதீங்க. மீதிப் பாதி நம்ம பணம்.

டிராக்டரில் டிரெய்லர் மாட்டி நாற்பது கிலோமீட்டர் மார்க்கெட்டுக்குப் போகிறவர்களும் இருக்கிறீர்கள். டிராக்டர் காட்டுக்குச் செய்த வண்டி. ரோட்டில் மெதுவாகத்தான் போகும், இருட்டில் டிரெய்லருக்குப் பின்னால் விளக்கும் இருக்காது, எரிகிற டீசலும் அதிகம். கிட்டத்தில் எரு ஏற்ற, கரும்பு ஏற்ற அது சரி. தினமும் தூர மார்க்கெட்டுக்கு அது ஆகாது.

குட்டியானையா, பிக்கப்பா?

2005ல் டாடா ஏஸ் வந்தது. நம்ம ஜனம் அதற்குக் குட்டியானை என்று பேர் வைத்தது. வந்தபோது அது தாங்கிய சுமை முக்கால் டன், அதாவது 750 கிலோ. பதினைந்து கிலோ பெட்டி என்றால், பெட்டிக் கனம் சேர்க்காமல் ஐம்பது பெட்டி. பிக்கப் ஒன்றரை டன் தாங்குகிறது என்றால் நூறு பெட்டி. உங்க காட்டில் ஒரு பறிப்புக்கு எத்தனை பெட்டி வருது? முப்பது பெட்டிக்காரருக்கு நூறு பெட்டி வண்டி எதுக்கு? முப்பது பெட்டிக்காரர் மூன்று பேர் சேர்ந்தால் அந்த வண்டிக்கு வேலை இருக்கு.

வண்டியை ஷோரூம் வாசலில் ஓட்டிப் பார்த்து வாங்காதீங்க. நம்ம இட்டேரிக்குக் கொண்டுவரச் சொல்லுங்க. சரக்கு ஏற்றி ஓட்டிப் பாருங்க. இரண்டு பக்கமும் வேலி உரசாமல் போகுதா, வாய்க்கால் மேட்டில் அடி தட்டுதா, திரும்ப இடம் இருக்கா என்று பாருங்க. கரிசல் மண்காரர் மழைநாளில் எப்படி வெளியே எடுப்போம் என்று யோசியுங்க. சர்வீஸ் எத்தனை கிலோமீட்டரில், சாமான் நம்ம டவுனில் கிடைக்குமா என்று பாருங்க. பறிப்பு நாளில் வண்டி படுத்துக்கிட்டால் ஒரு நாள் சரக்கு போச்சு.

காகிதத்தையும் பாருங்க. சரக்கு வண்டி என்றால் மஞ்சள் போர்டு. எஃப்.சி. எட்டு வருஷம் வரை இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை, அதற்குப்புறம் வருஷா வருஷம். வண்டியும் சரக்கும் சேர்ந்த மொத்த எடை 3,000 கிலோவுக்குள் இருந்தால் மோட்டார் வாகனச் சட்டம் 66வது பிரிவில் பெர்மிட்டிலிருந்து விலக்கு இருக்கு. தாண்டினால் பெர்மிட் வேண்டும். ஆர்.சி.யில் இருக்கிற எடையை வாங்குவதற்கு முன்னாடியே கேளுங்க. லைசென்ஸ் விஷயத்தில் ஒரு நல்ல செய்தி: 7,500 கிலோ மொத்த எடைக்குள் இருக்கிற சரக்கு வண்டியை இலகுரக வாகன லைசென்ஸ் வைத்தே ஓட்டலாம் என்று 2017ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2024 நவம்பரில் ஐந்து நீதிபதிகள் அமர்வும் அதையே உறுதி செய்தது. "பேட்ஜ் இல்லை, இன்சூரன்ஸ் வராது" என்று யாராவது மிரட்டினால் இதைச் சொல்லுங்க.

பழைய வண்டி வாங்குகிறவர்கள் ஆர்.சி.யில் கடன் பதிவு இருக்கா என்று பார்க்காமல் முன்பணம் கொடுக்காதீங்க. கடன் தீர்ந்ததற்கான தடையில்லாச் சான்றும் 35ஆம் நம்பர் படிவமும் கையில் வரணும். பேர் மாற்ற 29, 30ஆம் நம்பர் படிவங்கள். இது இல்லாமல் வாங்கினால் இன்னொருத்தன் கடனுக்கு நம்ம வண்டியை இழுத்துக்கிட்டுப் போவான்.

தாய்மார்களே, இது உங்களுக்கு

களை எடுக்க, காய் பறிக்கப் போகிற பெண்களைச் சரக்கு வண்டியில் பின்னால் நிற்க வைத்து ஏற்றிப் போகிறோம். டிராக்டர் டிரெய்லரிலும் ஏற்றுகிறோம். வண்டி கவிழ்ந்தால் என்ன ஆகும்? சரக்கு வண்டி இன்சூரன்ஸில், சரக்கோடு போகிற சரக்குக்காரருக்கும் அவர் பிரதிநிதிக்கும்தான் சட்டத்தில் இடம். பின்னால் நிற்கிற கூலி ஆளுக்கு இல்லை. டிராக்டரில் ஓட்டுகிறவருக்கு மட்டும்தான் சீட். கம்பெனி கையை விரித்துவிடும். இறந்தவர் குடும்பம் தெருவில் நிற்கும். நஷ்டஈட்டுக்கு வண்டிக்காரரான நம்ம நிலத்தையும் விற்க வேண்டி வரும். அவசரத்துக்கு என்று சொல்லி இனிமேல் ஏற்றாதீர்கள். ஏறவும் ஏறாதீர்கள். காலை ஆறு மணிக்குக் காட்டுப் பக்கம் பஸ் விடு என்று கேட்பதும் நம்ம போராட்டம்தான்.

பத்து வட்டி என்பது பத்து வட்டியா?

அந்த உறுப்பினரின் கடன் பத்திரத்தை அப்புறம் உட்கார்ந்து படித்தோம். வாங்குவதற்கு முன்னால் படித்திருக்கணும். ஐந்து லட்சம் கடன், பத்து சதம் வட்டி, நாலு வருஷம். கேட்க நன்றாகத்தான் இருக்கு. ஆனால் வட்டி எப்படிப் போட்டார்கள்? நாலு வருஷத்துக்கும் முழு ஐந்து லட்சத்துக்கே போட்டார்கள். வட்டி இரண்டு லட்சம். மொத்தம் ஏழு லட்சம். 48 மாசத்துக்குப் பிரித்தால் மாசம் 14,583 ரூபாய்.

நாம்தான் மாசா மாசம் அசலைக் கட்டிக் குறைத்துக்கொண்டே வருகிறோமே! குறைந்த பாக்கிக்கு மட்டும் பத்து சதம் போட்டிருந்தால் மாசம் சுமார் 12,680 ரூபாய்தான். மாசத்துக்கு 1,900 ரூபாய் வித்தியாசம். 48 மாசத்தில் 91,000 ரூபாய்க்கு மேல்! பத்து என்று சொல்லி உண்மையில் வாங்கியது பதினேழரை சதம். வாயில் சொன்னது ஒன்று, பையில் போட்டது ஒன்று.

வட்டி "ஃபிளாட்டா, குறையும் பாக்கிக்கா" என்று கேளுங்க. 2024 அக்டோபர் 1 முதல், இப்படிப்பட்ட கடன்களுக்கு எல்லாச் செலவும் சேர்த்த வருட வட்டி எவ்வளவு என்று ஒரு முக்கிய விவர அறிக்கையை, கடன் வாங்குகிறவருக்குப் புரிகிற மொழியில் கொடுக்கணும் என்று ரிசர்வ் வங்கி விதி வைத்திருக்கிறது. அது தமிழில் கைக்கு வராமல் கையெழுத்துப் போடாதீங்க.

இப்போ நோட்டை எடுங்க. வருஷத்துக்குத் தவணை 14,583 பெருக்கல் 12. ஏறக்குறைய 1,75,000. அவர் ஒரு வருஷத்தில் ஓட்டியது 75 நடை. ஒரு நடைக்கு 2,333 ரூபாய்! டீசல் ஊற்றுவதற்கு முன்னாடி, இன்சூரன்ஸ், டயருக்கு முன்னாடி. உங்க ஊர் நடை வாடகை எவ்வளவு? பக்கத்தில் எழுதிப் பாருங்க. வாடகையே குறைச்சல் என்று வந்தால் வண்டி வாங்காதீங்க. அதுவே நாலு பேர் சேர்ந்து 300 நடை ஓட்டினால் நடைக்கு 583 ரூபாய். வண்டி அதே வண்டிதான், தவணையும் அதே தவணைதான். வேலைதான் வித்தியாசம்.

எங்கள் கிளையில் இப்போது அப்படித்தான் ஓடுகிறது. மீட்ட வண்டியை நாலு குடும்பம் சேர்ந்து ஓட்டுகிறோம். யாருக்கு எந்த நாள், டீசல் யார், ரிப்பேர் யார் என்று முத்திரைத்தாளில் எழுதி வைத்திருக்கிறோம். சண்டை வராமல் இல்லை. வந்தது. நோட்டைப் பிரித்ததும் தீர்ந்தது.

நிலம் மாசச் சம்பளம் தருகிறதா?

இவ்வளவு கணக்குப் போட்டு வாங்கினாலும் ஒரு இடத்தில் தோற்கிறோம். தவணை மாசா மாசம் வருகிறது. நிலம் மாசா மாசம் கொடுக்காது. டிராக்டர் கடன் என்றால் பல வங்கிகளில் அறுவடையை ஒட்டி ஆறு மாசத்துக்கு ஒருமுறை தவணை வைக்கிறார்கள். அதே விவசாயி, அதே நிலம், விளைந்ததை ஏற்ற ஒரு பிக்கப் வாங்கினால் அது வணிக வாகனம்! மாசத் தவணை! ஏனுங்க, காட்டை உழுதால் விவசாயம், அதில் விளைந்ததை மார்க்கெட்டுக்குக் கொண்டுபோனால் வியாபாரமா?

ரிசர்வ் வங்கியின் முன்னுரிமைக் கடன் விதியிலேயே, விவசாயி தன் சொந்த விளைபொருளைக் கொண்டு செல்வதற்கான கடன் பண்ணைக் கடன் பட்டியலில் இருக்கிறது. எழுத்தில் இருக்கு, கவுன்டரில் இல்லை. வரியிலும் இதே கதைதான். 2025 செப்டம்பர் 22 முதல் டிராக்டருக்கு ஜி.எஸ்.டி. 12லிருந்து 5 சதமாகக் குறைந்தது. வரவேற்கிறோம். சரக்கு வண்டிக்கு 28லிருந்து 18. நம்ம தக்காளி ஏறுகிற வண்டிக்கு 18!

வண்டியைப் பிடிப்பதற்கும் முறை இருக்கிறது. கடன் வசூலுக்கும் வண்டி பறிப்புக்கும் அடியாட்களை ஏவக் கூடாது, சட்ட வழியில்தான் போகணும் என்று 2007லேயே உச்ச நீதிமன்றம் கண்டித்துச் சொன்னது. நிதி நிறுவனங்களுக்கான ரிசர்வ் வங்கி நெறிமுறையில், வண்டியை எடுக்கும் முன் எத்தனை நாள் முன்னறிவிப்பு, விற்கும் முன் கட்டுவதற்குக் கடைசி வாய்ப்பு என்பதெல்லாம் ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும் என்று இருக்கிறது. காலை 8 மணிக்கு முன்னும் இரவு 7 மணிக்குப் பின்னும் வசூலுக்காகப் போனில் கூப்பிடவே கூடாது என்று 2022 ஆகஸ்டில் சொன்னது. போனே கூடாது என்கிற நேரத்தில் நம்ம ஆளை நடுரோட்டில் மறித்தார்கள்! 2016 மார்ச்சில் தஞ்சை மாவட்டத்தில் டிராக்டர் கடனுக்காக ஒரு விவசாயியைப் போலீஸ் அடித்து இழுத்துப் போனதை நாடே டி.வி.யில் பார்த்தது. அதே மாசம் அரியலூர் மாவட்டத்தில் டிராக்டரைப் பறிகொடுத்த விவசாயி ஒருவர் மருந்து குடித்து உயிரை விட்டார். கடன் வாங்கியவன் திருடன் அல்ல. விலை கிடைத்தால் கட்டுகிறவன்.

அப்படி யாராவது மறித்தால் தனியாக நின்று வாதாடாதீங்க. வண்டியை விட்டு இறங்கும் முன்னால் கிளைக்குப் போன் போடுங்க. அடையாள அட்டை, அங்கீகாரக் கடிதம் கேளுங்க. போட்டோ எடுங்க. வண்டியில் இருக்கிற சரக்கைப் பட்டியல் எழுதிக் கையெழுத்து வாங்குங்க. காவல் நிலையத்தில் மனு கொடுத்து ரசீது வாங்குங்க. ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளருக்கு எப்படிப் புகார் தருவது என்று 14448க்குப் போன் செய்து கேளுங்க. யாரும் மருந்து பாட்டிலைத் தொடக் கூடாது. சங்கம் இருப்பது எதுக்கு?

நம் கோரிக்கைகள்

1. விவசாயி சொந்த விளைபொருளை ஏற்ற வாங்கும் சரக்கு வண்டிக் கடனை விவசாயக் கடனாகவே கொடு! தவணையை அறுவடைக்குப் பின் ஆறு மாதத்துக்கு ஒருமுறை வை!

2. விலை வீழ்ச்சி, வறட்சி, வெள்ளக் காலத்தில் தவணையைத் தள்ளி வை! அபராதம் போடாதே!

3. முன்னறிவிப்பு இல்லாமல், சரக்கோடு, நடுரோட்டில் வண்டி பறிப்பவர்கள்மீது வழக்குப் போடு!

4. கடன் பத்திரம் முழுவதும் தமிழில் கொடு!

5. வேளாண் பொறியியல் துறை டிராக்டர் வாடகைக்கு விடுவது போல, கூட்டுறவுக் கடன் சங்கங்கள் மூலம் சரக்கு வண்டியும் குறைந்த வாடகைக்கு விடு!

6. கூலி வேலைக்குப் போகும் பெண்களுக்குக் காலை, மாலை பஸ் விடு!

7. விவசாயி வாங்கும் சரக்கு வண்டிக்கும் 5 சத வரியே போடு!

பெருமக்களே! வருகிற விவசாயிகள் குறைதீர்ப்பு நாளில் கலெக்டர் ஆபீசுக்குப் போகிறோம். 2021 ஜனவரி 26ல் டெல்லிக்குள் டிராக்டர்கள் போனதைப் பார்த்தோம். அந்த வருஷம் முடிவதற்குள் மூன்று சட்டங்களையும் திரும்பப் பெற்றார்கள். நம்ம வண்டியும் ரோட்டுக்கு வரட்டும். ஆனால் வண்டி மட்டும் வந்தால் போதாது. ஆளுக்கு இரண்டு காகிதம் கொண்டு வாங்க. ஒன்று, கடன் பத்திரத்தின் ஜெராக்ஸ். இன்னொன்று, நீங்கள் எழுதின நோட்டின் கணக்கு. கோஷத்துக்குக் காது அடைத்துக்கொள்வார்கள். கணக்கைக் கலெக்டர் மேசையில் வைத்தால் பதில் சொல்லியே ஆகணும்.

புதுசாக வண்டி வாங்க முன்பணம் கட்டத் தயாராக இருக்கிறவர்கள் இன்னைக்கே கட்டாதீங்க. ஒரு வாரம் பொறுங்க. நோட்டோடு கிளைக்கு வாங்க. சேர்ந்து கணக்குப் போடுவோம். வாங்கலாம் என்று வந்தால் நாங்களே கூட வருகிறோம். இந்தத் தடவை கலர் பார்க்க மாட்டோம், பத்திரத்தைப் படிப்போம்.

வண்டி நம்மைச் சுமக்கட்டும்! நாம் வண்டியைச் சுமக்க மாட்டோம்!

குடும்பத்தோடு திரண்டு வாரீர்!